இரண்டாம் வரிசை: பேரா காற்பந்தும் தோட்டத்துத் திடல்களும்



ஓர் அணியின் வலிமையை அறிய விரும்புவோர் களமிறங்கும் பதினொருவரின் பெயர்களைத்தான் முதலில் பார்ப்பர். பேரா அணியின் இரசிகர்களாகிய எங்களுக்கு வேறொரு பழக்கம் உண்டு. பன்னிரண்டாவது பெயரிலிருந்து படிக்கத் தொடங்குவோம். முதன்மைக் கோல் காவலர் விரலை முறித்துக்கொண்டால் அடுத்து நிற்பவர் யார்? நடுத்திடலை ஆள்பவர் மஞ்சள் அட்டைகள் சேர்ந்து ஓர் ஆட்டம் வெளியே அமர நேர்ந்தால் அவ்விடத்தில் யாரை நிறுத்துவது? பருவத்தின் முதல் மாதத்தில் இவை வீண் கவலைகளாகத் தோன்றும். ஆட்டங்கள் நெருங்கி வந்து, கால்கள் தளர்ந்து, காயங்கள் மிகும்போது புள்ளிப் பட்டியலில் அணி நிற்கும் இடத்தை இவையே முடிவு செய்யும்.

2025-ஆம் ஆண்டில் அந்தக் கவலைக்கும் இடமில்லாமல் போயிற்று. பேரா காற்பந்துக் கழகம் 2025–26 சூப்பர் லீக் பருவத்திலிருந்து விலகிக்கொள்வதாக அறிவித்தது. எட்டு முறை மலேசியக் கிண்ணத்தை ஏந்திய மாநிலத்தின் கழகம், முதல்நிலைப் போட்டியின் அட்டவணையிலிருந்து மறைந்தது. பணமின்மையே காரணம் என்பர். அது மெய்தான். ஆயினும், பணம் தீர்ந்த வேளையில் அணியைத் தாங்கிப் பிடிக்க அதன் அடியில் ஏன் ஒன்றும் இல்லாமல் போயிற்று என்பது வேறு வினா. அதற்கு விடை காண நூறாண்டுக் கதையைப் புரட்ட வேண்டியிருக்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவக்கூடும். பொறுத்துப் படியுங்கள், கதையின் கடைசிப் பகுதி நம் பள்ளித் திடலில்தான் நடக்கிறது.

மலேசியக் கிண்ணத்தின் பிறப்பிலேயே பேராவுக்குப் பங்குண்டு. பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மலாய்க் கூட்டு மாநிலங்களின் பணத்தில் கட்டப்பட்டு பிரிட்டிஷ் கடற்படைக்கு வழங்கப்பட்ட 'மலாயா' என்னும் போர்க்கப்பல் 1921-இல் நம் துறைமுகங்களுக்கு வந்தது. மாலுமிகள் உள்ளூர் அணிகளோடு காற்பந்தும் ரக்பியும் ஆடினர். விருந்தோம்பலுக்கு நன்றியாக இரு கிண்ணங்களை வழங்கினர். அவற்றுள் காற்பந்துக்குரியதே மலாயாக் கிண்ணம். 1967-இல் அது மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறியது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயம் ஈட்டித் தந்த பணமும் அந்தக் கப்பலின் இரும்பில் கலந்திருந்தது என்று எண்ணிப் பார்க்கையில், கிண்ணத்தின்மீது நமக்குச் சற்றுக் கூடுதல் உரிமை உண்டு என வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

முதற்கிண்ணம் சிங்கப்பூருக்குச் சென்றது. பேரா 1926-இலும் 1931-இலும் வென்றது. பிறகு 26 ஆண்டுகள் காத்திருந்து, நாடு விடுதலை பெற்ற 1957-இல் சிங்கப்பூரை வீழ்த்தி மீண்டும் ஏந்தியது. கிண்ணம் புதுப்பெயர் பெற்ற 1967-இல் ஒரு வெற்றி, 1970-இல் மற்றொன்று. அதன்பின் 28 ஆண்டு வறட்சி. 1998-இல் திரங்கானுவைப் பினால்டி உதைகளில் வென்றபோது, 1970-இல் பள்ளிச் சிறுவராக இருந்தவர்கள் தம் பிள்ளைகளைத் தோளில் தூக்கி நின்றனர். அடுத்து 2000. அதற்கும் அடுத்தது 2018.

இந்த ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். இரண்டு வெற்றிகள் அருகருகே அமையும். பிறகு நெடிய இடைவெளி வரும். ஒரு தலைமுறை ஆட்டக்காரர்கள் நல்வாய்ப்பாக ஒன்றுசேர்கின்றனர், வெல்கின்றனர், வயது ஏறி விலகுகின்றனர், அவர்கள் நின்ற இடத்தில் நிற்க ஆளில்லை. சிலாங்கூர் இதே கிண்ணத்தை 33 முறை வென்றிருக்கிறது. தலைநகர் வட்டாரத்தின் மக்கள்தொகை, அலுவலகங்கள், வேலைவாய்ப்புகள் எல்லாம் அதற்குத் துணை நின்றன. ஒருவர் போனால் இருவர் கதவருகே காத்திருப்பர். பேராவிற்கு அந்த வசதி என்றுமே முழுமையாக அமைந்ததில்லை.

'இரண்டாம் வரிசை' என்று நான் சொல்வதன் பொருள் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. இன்றைய மாணவர்களிடம் சொன்னால் நம்பத் தயங்குவர்: உலகக் கிண்ணப் போட்டியில் ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்றும் முறை 1970-இல்தான் வந்தது. 1962-இல் சிலி நாட்டில் நடந்த போட்டியில், இரண்டாவது ஆட்டத்திலேயே பெலேவுக்குத் தொடைத்தசை கிழிந்தது. மாற்ற வழியில்லை, நொண்டியபடி திடலிலேயே நின்றார். அடுத்த ஆட்டத்தில் அவர் இடத்தில் அமரில்டோ என்ற இளைஞர் இறங்கி, ஸ்பெயினுக்கு எதிராக இரு கோல்கள் அடித்தார். பிரேசில் கிண்ணத்தை வென்றது. நான்காண்டுகள் கழித்து இங்கிலாந்தில், போர்த்துகல் தற்காப்பாளர்கள் உதைத்த உதையில் பெலே மீண்டும் நொண்டினார். அம்முறை பிரேசில் முதற்சுற்றோடு வெளியேறியது. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரைப் பெற்ற அணியின் தலைவிதியும் அவருக்குப் பின்னால் நின்றவரின் தரத்தால் முடிவானது.

கூடைப்பந்துக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். களத்தில் ஐவர், ஆளை மாற்ற வரம்பே இல்லை. அமெரிக்கத் தொழில்முறை அணிகள் அந்த ஐந்து இடங்களுக்காகப் பதினைந்து பேரை வைத்துக்கொள்கின்றன. அங்கே இரண்டாம் வரிசை என்பது அணியின் மறுபாதி. காற்பந்தும் மெல்ல அத்திசை நோக்கி நகர்ந்து வந்திருக்கிறது. நோய்த்தொற்றுக் காலத்தில், 2020-இல் தற்காலிகமாக ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள் அனுமதிக்கப்பட்டனர். 2022-இல் அது நிலையான விதியாயிற்று. இளைப்பாறுதலுக்காக வந்த விதி என்றாலும் அதன் பயன் செல்வம் மிக்க அணிகளுக்கே கூடுதலாகச் சேர்ந்தது என்பது என் கருத்து. திடலில் நிற்கும் பத்துப் பேரில் பாதியை அறுபதாவது நிமிடத்தில் புத்துயிரோடு மாற்ற முடிகிற அணியும், இருபது வயது நிரம்பாத மூவரை அமர்த்தி வைத்திருக்கும் அணியும் ஒரே விதியின்கீழ் ஆடுகின்றன.

இனி, பேராவின் இரண்டாம் வரிசை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

தொழில்முறைக் காற்பந்து நம் நாட்டில் மிக அண்மைக் காலத்தது. 1989-இல் பகுதித் தொழில்முறையாகவும், 1994-இல் முழுத் தொழில்முறையாகவும் மாறியது. அதற்கு முந்தைய எழுபது ஆண்டுகளில் மாநில ஆட்டக்காரர் என்பவர் பகலில் எங்கோ வேலை செய்பவர். காவல்துறை, பொதுப்பணித்துறை, இரயில்வே, ஈயச் சுரங்க நிறுவனங்கள், வங்கிகள் எனப் பற்பல இடங்களில் அணிகள் இருந்தன. ஈப்போவிலும் தைப்பிங்கிலும் கோலகங்சாரிலும் இருந்த ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுதோறும் ஆட்டக்காரர்களை வளர்த்து அனுப்பின. மாவட்ட லீக் போட்டிகள் நடந்தன. மாநில அணியின் பன்னிரண்டாவது ஆள் அந்தப் பலகைகளின்மேல் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஊதியம் மாநிலச் சங்கம் கொடுக்கவில்லை. அவர் வேலை பார்த்த இடம் கொடுத்தது. சங்கத்தின் பணப்பெட்டி காலியானாலும் அவர் காணாமற்போக மாட்டார். இதைப் பின்னால் நினைவில் கொள்ள வேண்டும்.

அப்பலகைகளில் ஒன்றுதான் தோட்டம்.

சுங்கை சிப்புட்டை வரலாற்று நூல்கள் 1948 ஜூன் 16-ஆம் நாளுக்காக நினைவில் வைத்திருக்கின்றன. எல்பில் தோட்டத்திலும் அருகிலிருந்த பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக்கொல்லப்பட்டதும், அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் நாமறிந்தவை. துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த ஊர் என்பதும் நாமறிந்ததே. எல்பில், ஹீவுட், டோவன்பி, சங்காட் சாலாக் என்னும் பெயர்கள் நம் காதுக்குத் தமிழ்ப் பெயர்களாகவே ஆகிவிட்டன. ஆனால் அந்தத் தோட்டங்களில் மாலை ஐந்து மணிக்கு என்ன நடந்தது என்பதை எந்த வரலாற்று நூலும் விரிவாக எழுதவில்லை.

பால்மரத் தோட்டத்தின் வேலை நேரமே காற்பந்துக்கு ஏற்றதாக அமைந்திருந்தது. விடியுமுன் பிரட்டு, இருள் பிரியும் வேளையில் மரம் சீவல், முற்பகலில் பால் எடுத்தல், நண்பகல் கடந்து நிறுவை. பிற்பகலில் உழைப்பாளி வீட்டுக்கு வந்துவிடுவார். வெயில் தாழ்ந்ததும் இளைஞர்கள் திடலில் கூடுவர். பெரிய தோட்டங்களில் கோயில், தமிழ்ப்பள்ளி, மருந்தகம், காற்பந்துத் திடல் ஆகியவை அருகருகே இருக்கும். திடலைத் தோட்ட நிருவாகமே ஒதுக்கியது. உழைப்பாளர்களை மதுவிலிருந்தும் தொழிற்சங்கத்திலிருந்தும் விலக்கி வைக்க அது உதவும் என்ற கணக்கும் துரைமாருக்கு இருந்திருக்கலாம். எதுவாயினும் பந்து உருண்டது. வெறுங்காலால் ஆடினர். தோட்டத்துக்குத் தோட்டம் கிண்ணப் போட்டிகள் நடந்தன. லாரியின் பின்புறம் ஏறி அடுத்த தோட்டத்துக்குச் சென்று ஆடி, இருட்டியபின் திரும்பினர். தீபாவளியை ஒட்டியும் திருவிழாவை ஒட்டியும் நடந்த ஆட்டங்களுக்குக் கூடிய கூட்டம் நகரத்து ஆட்டங்களுக்கும் கூடியிருக்காது.

இரண்டாம் வரிசையைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒரு தோட்டத்தில் நூறு குடும்பங்கள் வாழ்ந்தால், பதினாறு முதல் முப்பது வயது வரையிலான ஆண்கள் முதலணிக்கும் இரண்டாம் அணிக்கும் போதும். முதலணியில் இடம் கிடைக்காதவன் இரண்டாம் அணியில் ஆடுவான். அதிலும் கிடைக்காத சிறுவன் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்குவான். ஐந்தாண்டு பொறுக்கினால் ஆட்டம் கண்ணில் பதிந்துவிடும். பயிற்றுநர் இல்லை, பாடத்திட்டம் இல்லை, மூத்தவர்களின் வசவு மட்டும் உண்டு. இன்றைய காற்பந்துக் கழகங்கள் பெரும்பொருள் செலவிட்டு அமைக்க முயலும் 'வயது வாரியான அணி அமைப்பு' நம் லயங்களில் தானாக அமைந்திருந்தது.

இதைக் கேட்டு, பேரா அணி முழுவதும் தோட்டத்துப் பிள்ளைகளால் நிரம்பியிருந்தது என்று யாரும் கருத வேண்டா. நிரம்பியிருக்கவில்லை. மாநில அணிக்குச் செல்லும் வழி ஆங்கிலப் பள்ளிகளின் வாயிலாகவும் அரசுத்துறை அணிகளின் வாயிலாகவும் சென்றது. தோட்டத்துச் சிறுவர் பெரும்பாலோரின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. பன்னிரண்டு வயதில் வாளி தூக்கியவனுக்குப் பள்ளிகளுக்கிடையிலான மாநிலப் போட்டி ஏது? தேர்வு ஆட்டம் ஈப்போவில் என்றால், சுங்கை சிப்புட்டிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர்; தோட்டத்திலிருந்து பெருஞ்சாலைக்கு வருவது தனிப் பயணம்; அன்றைய கூலியும் போகும். அந்தத் திடல்களில் மங்கிய திறன் எவ்வளவு என்பதற்குக் கணக்கில்லை. நம்மவர் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பாடும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன். தோட்டங்கள் மாநிலத்துக்குப் பெரும்பாலும் மூன்றாம் வரிசையாகவே இருந்தன. ஆனால் மூன்றாம் வரிசை நெருக்கினால்தான் இரண்டாம் வரிசை சோம்பாமல் இருக்கும்.

வழி கிடைத்தவர்கள் எவ்வளவு தூரம் சென்றனர் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1972 மூனிக் ஒலிம்பிக்கில் மலேசியக் காற்பந்து அணிக்குத் தலைமை தாங்கியவர் எம். சந்திரன். அந்த அணி அமெரிக்காவை 3–0 என வென்றது. 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்த கோல் காவலர் ஆர். ஆறுமுகம், 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற அணியில் இடம்பெற்றவர். 1980-இல் தென்கொரியாவை வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் காவலரும் அவரே. நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர்கள் மாஸ்கோ செல்லவில்லை. 1988-இல், 35 வயதில், சாலை விபத்தில் ஆறுமுகம் மறைந்தார். ஈப்போவைச் சேர்ந்த எம். கராத்து பேரா அணிக்கு ஆடி, பின்னர் பயிற்றுநராகி, 2011-இல் கிளந்தானைச் சூப்பர் லீக் வெற்றியாளராக்கினார். இப்பெயர்களை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஆயினும், அவர்கள் அனைவரும் முதல் வரிசையினர். இக்கட்டுரையின் நாயகர்கள் பெயர் தெரியாத பன்னிரண்டாமவர்கள்.

பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. 1950-களிலும் 60-களிலும் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது குடும்பங்கள் சிதறின. அந்தத் துண்டாடலை எதிர்கொள்ளத்தான் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர்ப் பால்மரத்தின் இடத்தைச் செம்பனை பிடித்தது. அதே பரப்பளவுக்குச் செம்பனைக்குக் குறைந்த ஆள் போதும். அந்தக் குறைந்த ஆட்களும் நாளடைவில் வெளிநாட்டிலிருந்து வந்தனர். நம்மவர் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் பெயர்ந்தனர். மலிவுவிலை அடுக்குமாடிகளில் குடியேறினர். அங்கே வாகனம் நிறுத்தவே இடமில்லை; திடலுக்கு எங்கே போவது? ஈய விலை 1985-இல் சரிந்தபின் கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்களும் மூடப்பட்டன. அவற்றோடு நிறுவன அணிகளும் கரைந்தன. பேரா மாநிலத்து இளைஞர் தெற்கே வேலை தேடிச் சென்றது பொருளியல் ஆசிரியர்கள் கற்பிக்கும் பாடம். காற்பந்து இரசிகனுக்கு அது இரண்டாம் வரிசை பேருந்தேறிப் போன கதை.

அந்த வெற்றிடத்தில்தான் தொழில்முறைக் காற்பந்து வந்திறங்கியது. வந்தவுடனேயே அடியும் விழுந்தது. 1994–95-இல் வெளிப்பட்ட கையூட்டு விவகாரத்தில் ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களுமாக 21 பேர் நீக்கப்பட்டனர். 58 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். 126 பேர் விசாரிக்கப்பட்டனர். ஒரு நாட்டின் முதல் வரிசையில் பெரும்பகுதி ஒரே வீச்சில் சாய்ந்தால் எந்த இரண்டாம் வரிசை தாங்கும்? அவ்வளவு ஆழம் நமக்கு இல்லை என்பதை அடுத்த பதினைந்து ஆண்டுகள் காட்டின. 2009 முதல் 2011 வரை வெளிநாட்டு ஆட்டக்காரர்களைத் தடைசெய்து பார்த்தனர். 2012-இல் மீண்டும் அழைத்தனர்.

பேரா மட்டும் அக்காலத்தில் நன்றாகவே ஆடியது. 1998, 2000 மலேசியக் கிண்ணங்கள், 2002, 2003 லீக் பட்டங்கள், 2004 எஃப்.ஏ. கிண்ணம். அந்த ஆறேழு ஆண்டுகளை நினைத்தால் எங்களுக்கு இன்னும் நெஞ்சு நிமிரும்.

2018-ஆம் ஆண்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியரான மெஹ்மெட் துராகோவிச் பயிற்றுநராக இருந்தார். லீக்கில் இரண்டாம் இடம். அக்டோபர் 27-ஆம் நாள் ஷா ஆலமில் மலேசியக் கிண்ண இறுதியாட்டம்; எதிரே திரங்கானு. தோற்றுவிட்டோம் என்று எழுந்து நின்ற வேளையில், முழு நேரம் கடந்த கூடுதல் மணித்துளிகளில் பிரெண்டன் கான் அடித்த கோல் ஆட்டத்தை 3–3 ஆக்கியது. பினால்டி உதைகளில் 4–1. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு கிண்ணம் ஈப்போவுக்கு வந்தது. அதே பருவத்தில் பேரா மாநில மேம்பாட்டுக் கழகத்தின் அணியும் சூப்பர் லீக்கில் ஆடியது. ஒரே மாநிலத்திலிருந்து இரு முதல்நிலை அணிகள்! ஆழத்திற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும் என்று அப்போது பலர் மகிழ்ந்தனர்.

கவலை அடுத்த ஆண்டே தொடங்கிற்று. 2019-இல் ஆசியப் போட்டியின் தகுதிச் சுற்றில் ஹாங்காங்கின் கிட்சி அணியைப் பினால்டியில் கடந்த பேரா, தென்கொரியாவின் உல்சான் அணியிடம் 1–5 எனத் தோற்றது. எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் கெடாவிடம் தோல்வி. மேம்பாட்டுக் கழக அணி அவ்வாண்டே சூப்பர் லீக்கிலிருந்து இறங்கியது. 2021 பருவம் தொடங்குமுன் பிரெண்டன் கானும் கோல் வேட்டையர் ஷாரெல் ஃபிக்ரியும் சிலாங்கூருக்குச் சென்றனர். பிறகு ஊதிய நிலுவை. பருவத்தின் நடுவிலேயே ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியேறினர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுக்கும் வீட்டுக் கடன் உண்டு, பிள்ளைகள் உண்டு. எஞ்சிய இடங்களில் இளைஞர் அணிப் பிள்ளைகளை நிறுத்தினர். 2004-இல் சூப்பர் லீக் தொடங்கியதிலிருந்து ஒருமுறையும் இறங்காத பேரா, 2021 இறுதியில் பதினோராம் இடத்தில் முடித்துக் கீழே இறங்கியது. கிண்ணம் வென்ற மூன்றே ஆண்டுகளில்!

முன்னர் நினைவில் கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். பழைய பன்னிரண்டாமவரின் சோறு சங்கத்தின் கையில் இல்லை. புதிய பன்னிரண்டாமவரின் சோறு முழுவதும் கழகத்தின் கையில் இருந்தது. கை நடுங்கியதும் முதல் வரிசையும் இரண்டாம் வரிசையும் ஒரே வாரத்தில் கலைந்தன. ஆழம் என்று நாங்கள் கண்டது குளத்தின் ஆழமன்று. வாடகைக்கு எடுத்த தொட்டியின் ஆழம்.

இத்தாலியில் நடந்த ஒன்றை இங்கே ஒப்பிடலாம். 1949 மே 4-ஆம் நாள், தொடர்ந்து பட்டங்கள் வென்றுவந்த தொரினோ அணி பயணம் செய்த விமானம் சூப்பர்கா குன்றில் மோதியது. ஆட்டக்காரர்கள் 18 பேர் உட்பட 31 பேர் இறந்தனர். லீக்கில் இன்னும் நான்கு ஆட்டங்கள் எஞ்சியிருந்தன. தொரினோ தன் இளைஞர் அணியைக் களமிறக்கியது. எதிரணிகளும் மரியாதை கருதித் தங்கள் இளைஞர்களையே இறக்கின. நான்கிலும் வென்று தொரினோ பட்டத்தைப் பெற்றது. கண்ணீர் வரவழைக்கும் நிகழ்வு. ஆனால் அடுத்த பட்டம் அவர்களுக்கு 1976-இல்தான் கிடைத்தது. இளைஞர் அணி நான்கு ஆட்டங்களைத் தாங்கும். நான்கு பருவங்களைத் தாங்காது. 2021-இல் நம் பிள்ளைகளின் தோளில் ஏற்றப்பட்ட சுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வரும். எதிரணிகள் நமக்கு அப்படிப்பட்ட மரியாதை எதுவும் செய்யவில்லை. செய்ய வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை.

2023-இல் சூப்பர் லீக் 14 அணிகளாக விரிந்தபோது பேரா மீண்டும் இடம்பெற்றது. ஆடி உயர்ந்து பெற்ற இடமன்று. அட்டவணை விரிந்ததால் கிடைத்த இடம். இரண்டாண்டு கழித்து விலகல் வந்தது. அதே காலத்தில் ஜொகூர் டாருல் தக்சிம் அணி 2014 முதல் 2024–25 வரை தொடர்ந்து 11 முறை லீக்கை வென்றது. அவர்களின் மாற்று ஆட்டக்காரர்களைக் கொண்டே இன்னொரு சூப்பர் லீக் அணி அமைக்கலாம் என்பர். மிகையல்ல. பணம் இருக்கும்வரை வாங்கிய ஆழமும் ஆழமே என்பதற்கு அந்த அணி சான்று.

நாட்டு அணியும் இதே குறுக்குவழியை நாடியதை 2025-இல் கண்டோம். வெளிநாட்டில் பிறந்து, மலேசிய வழித்தோன்றல்கள் என்று சொல்லப்பட்ட ஆட்டக்காரர்களோடு ஜூன் மாதம் வியட்நாமை 4–0 என வென்றபோது நாடே கொண்டாடியது. செப்டம்பரில் ஃபீஃபாவின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு, ஆவணங்கள் போலியானவை எனக் கண்டு எழுவரை 12 மாதங்களுக்குத் தடைசெய்தது. மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கும் அபராதம் விதித்தது. மூன்று கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நாட்டில் பதினொரு பேரைத் தேட ஏன் கடல் கடந்து பாட்டன் பாட்டியின் பிறப்புச் சான்றிதழைத் துருவ நேர்ந்தது? இந்தக் கேள்வியைக் கேட்பவர் மிகச் சிலரே.

இந்தியர் காற்பந்து வட்டாரத்தில் ஒரு மாற்று முயற்சி நடந்தது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணி கீழ்நிலை லீக்கிலிருந்து படிப்படியாக ஏறி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019-இல் சூப்பர் லீக்கை அடைந்தது. 2021-இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரும் இல்லாமல், உள்நாட்டவரை மட்டும் கொண்டு, பி. மணியத்தின் பயிற்சியில் ஆடித் தன் இடத்தைக் காத்துக்கொண்டது. பேரா இறங்கிய அதே பருவம் அது! தம் மகன் ஒருநாள் அங்கே ஆடலாம் என்று எண்ணிய பெற்றோர் பலரை நானறிவேன். 2022 பருவத்தோடு அந்த அணியும் விலகிக்கொண்டது. இப்போது அப்பிள்ளைகளுக்குக் காட்ட நம்மிடம் பேராவும் இல்லை, அந்த அணியும் இல்லை.

இனி நம் திடலுக்கு வருவோம். 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. பேராவில் மட்டும் 134. அவற்றுள் பல, 150-க்கு மேற்படாத மாணவர்களைக் கொண்ட 'குறைந்த மாணவர் பள்ளிகள்'. கல்வித்தரம், கட்டடம், ஆசிரியர் எண்ணிக்கை பற்றியெல்லாம் நாம் நிறையப் பேசியாயிற்று. அணி அமைப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் 2014-இல் தொடங்கப்பட்டது. பகாங் கம்பாங்கில் மொக்தார் டஹாரி பயிற்சிக்கழகம் இருக்கிறது. தேர்வாளர்கள் பார்ப்பது போட்டியில் ஆடும் பிள்ளையை. போட்டிக்கு அணியே அனுப்ப முடியாத பள்ளியின் பிள்ளையை எவர் பார்ப்பார்?

சில வட்டாரங்களில் ஆசிரியர்கள் தம் முயற்சியால் அண்டைப் பள்ளிகளை ஒன்றுகூட்டி மாலைப் பயிற்சி நடத்துகின்றனர். பழைய தோட்ட ஆட்டக்காரர்கள், இன்று அறுபது கடந்தவர்கள், ஊதல் ஊத வருகின்றனர். வசவும் குறையவில்லை. போட்டி நாள் வந்ததும் பிள்ளைகள் பிரிந்து அவரவர் பள்ளிச் சட்டையில்தான் இறங்க வேண்டும். அங்கே மீண்டும் எண்ணிக்கை உதைக்கிறது. பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: மகன் மாற்று ஆட்டக்காரனாகப் பட்டியலில் இருக்கிறான் என்றால், "உட்கார்ந்திருக்கவா போகிறாய்?" என்று கேட்டுத் தடுத்துவிடாதீர்கள். அவன் வரவில்லையென்றால் சில பள்ளிகளில் அணியே இல்லை.

அறுபது மாணவர் படிக்கும் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்களுக்கு இந்தக் கணக்குப் பழகியதுதான். பாதிப்பேர் ஆண்பிள்ளைகள் எனில் முப்பது. நான்கு, ஐந்து, ஆறாம் ஆண்டுகளில் பதினைந்து. ஒருவனுக்கு இளைப்பு நோய். இருவருக்கு வீட்டில் அனுமதியில்லை. ஒருவனுக்குப் பந்தில் நாட்டமே இல்லை. மிஞ்சுவோர் பதினொருவர். அவர்களுள் நால்வர் அஞ்சல் ஓட்டத்திலும் இருக்கின்றனர். இருவர் கதை சொல்லும் போட்டிக்கு மனனம் செய்துகொண்டிருக்கின்றனர். பன்னிரண்டாவது பெயருக்கான கோடு பதிவுப் படிவத்தில் வெறுமையாக இருக்கிறது. ஆண்டு முடிவில் ஆறாம் ஆண்டு மாணவர் அறுவர் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிடுவர். மூன்றாம் ஆண்டிலிருந்து ஏறி வரும் ஆண்பிள்ளைகள் நால்வர்.